“மிர் இஸ்ட் கால்ட்”: ஜெர்மன் கற்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

தஞ்சாவூரில் கணக்கு டீச்சராக இருந்த நான், 38 வயதில் ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்து, ஒரு ரொட்டிக்கடைக் கல்லாவில் நின்றுகொண்டே ஜெர்மன் கற்ற கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஜெர்மன் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, நான்காவது கேள்வியில் சொல்கிறேன்.

எனக்கு 47 வயது. மகள் ஹாம்பர்க்கில் இருக்கிறாள், பேரன் ஜெர்மன்தான் பேசுகிறான். இந்த வயதில் ஒரு புது மொழி மண்டையில் ஏறுமா? (கரூர் வாசகி)

ஏறும். பிள்ளைகளுக்குத் தானாக அமையும் உச்சரிப்பு மட்டும் நமக்கு வாய்க்காது. என் ஜெர்மனில் இன்றைக்கும் தஞ்சாவூர் வாடை வீசும், கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒரு விதியைச் சொன்னால் பிடித்துக்கொள்ளும் பக்குவம் நம்மிடம் இருக்கிறது. ஐந்து வயதுப் பேரனிடம் நான்காம் வேற்றுமை என்று சொல்லிப் பாருங்கள், பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான்.

ஜெர்மனியின் சாக்சனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த பாதிரியார் சீகன்பால்க், 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 ஆகப்போகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அ, ஆ கற்றார். 1716இல் அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சாகிவிட்டது. அவருக்கு 24, எனக்கு 47 என்பீர்கள். வாஸ்தவம்தான். நீங்கள் இலக்கணமா எழுதப் போகிறீர்கள்? பேரனிடம் “சாப்பிட்டாயா” என்று கேட்கவேண்டும், அவ்வளவுதானே.

உங்களைப் படுத்தப்போவது கூச்சம். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிய வாய் என்னுடையது. இங்கே வந்து முதல் ஆறு மாதம், பஸ்ஸில் “இது ரயில்வே ஸ்டேஷன் போகுமா” என்று கேட்கக் கூசி, இரண்டு தடவை டெர்மினஸ் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஜெர்மனும் இங்கிலீஷும் அக்கா தங்கை மொழிகள் என்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம்தானே? (கோயம்புத்தூர் பொறியாளர்)

சொற்களுக்கு இங்கிலீஷ் உதவும். ஹவுஸ் இங்கே ஹாவ்ஸ், வாட்டர் இங்கே வாஸர். வாக்கியம் அமைக்க இங்கிலீஷைக் கூட்டிக்கொண்டு போனீர்களோ, நடுத்தெருவில் விட்டுவிடும். எனக்கு அது நடந்தது.

முதல் ஆண்டு நவம்பர். வகுப்பில் ஹீட்டர் ரிப்பேர். டீச்சரம்மா ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஐ ஆம் கோல்ட் என்பதை அப்படியே பெயர்த்து, “இஹ் பின் கால்ட்” என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் ஈவு இரக்கம் இல்லாத, உணர்ச்சியற்ற பெண் என்று அதற்கு அர்த்தமாம். கோடைக்காலத்தில் இதே பாணியில் “இஹ் பின் ஹைஸ்” என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன அர்த்தம் ஆகியிருக்கும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

டீச்சரம்மா பலகையில் சரியானதை எழுதினார்: “மிர் இஸ்ட் கால்ட்.” மிர் என்றால் எனக்கு. எனக்குக் குளிர்கிறது! பக்கத்தில் இருந்த பிரேசில்காரரும் போலந்துப் பெண்ணும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க, நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டுப் பேச்சு. எனக்கு வெக்கையாக இருக்கிறது, “மிர் இஸ்ட் ஹைஸ்.” எனக்குப் பிடித்திருக்கிறது, “எஸ் கெஃபெல்ட் மிர்.” எனக்குத் தலை சுற்றுகிறது, எனக்குக் குமட்டுகிறது, எல்லாம் அதே ‘மிர்’தான். எட்டாம் வகுப்பில் தமிழய்யா பிரம்போடு உருப்போட வைத்தாரே, நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ என்று, அது அப்படியே வந்து நிற்கிறது. அவர்கள் அதை டாட்டிவ் என்கிறார்கள். இங்கிலீஷில் இதெல்லாம் ஐ, ஐ, ஐ என்றே ஓடும்.

வினைச்சொல்லையும் பாருங்கள். வகுப்பில் எல்லோரும் தலையில் கைவைக்கிற விஷயம், ‘ஏனென்றால்’, ‘என்று’ போன்ற இணைப்புச் சொற்கள் வந்தால் வினை கடைசிக்குப் போய்விடும் என்பது. “வைல் இஹ் ம்யூட பின்”: ஏனென்றால் நான் களைப்பாக இருக்கிறேன். தமிழிலும் வினை கடைசியில். நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். சாதாரண வாக்கியத்தில் அதை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவருவதுதான் நமக்குக் கஷ்டம், ஆனால் அதற்கு மட்டும் இங்கிலீஷைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று சொல்லாமல் விட மனசில்லை. ‘டொஹ்’ என்று ஒரு குட்டிச்சொல். நீ சாப்பிடவில்லையா என்று கேட்டால், சாப்பிட்டவர் “டொஹ்” என்பார். புத்தகத்தில் இதற்கு இங்கிலீஷில் அரைப் பக்கம் விளக்கம் இருந்தது, எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கணவரிடம் “நீங்க இன்னும் சாப்பிடலையா?” என்று கேட்டேன். “சாப்பிட்டேனே” என்றார். அந்த ஏகாரம்தான் டொஹ். அதேபோல ‘மால்’ என்றொரு சொல். “கொம் மால்” என்றால் “கொஞ்சம் வாயேன்.” தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஜெர்மனுக்குப் போங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இங்கிலீஷில் நினைக்கிற பழக்கம் வந்தவர்களுக்கு இது முதலில் வலிக்கும், தம்பி.

மேசைக்கும் கரண்டிக்கும் ஆண்பால் பெண்பால் எதற்கு? எப்படி மனப்பாடம் செய்வது? (சென்னை மாணவி)

எதற்கு என்று கேட்காதே அம்மா, அவர்களுக்கே தெரியாது. ஸ்பூன் ஆண், ஃபோர்க் பெண், கத்தி இரண்டும் இல்லை: டெர் லொஃபல், டீ காபல், டாஸ் மெஸர். சாப்பாட்டு மேசையிலேயே மூன்று பாலும் உட்கார்ந்திருக்கும்.

சின்னப் பெண்ணை டாஸ் என்று அஃறிணையில் சொல்கிறார்களே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். மேட்ஹன் என்ற சொல்லின் வாலில் இருக்கும் ‘ஹன்’ குட்டி என்ற பொருள் தரும் விகுதி, அது ஒட்டினால் எதுவும் டாஸ்தான். நாம் மட்டும் என்னவாம்? குழந்தை அழுகிறது என்கிறோம், அந்தப் புள்ள வந்துச்சு என்கிறோம். வால்களைப் படி. ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்று முடிந்தால் டீ. மீதிக்குக் குறுக்கு வழி கிடையாது. நான் சமையலறை முழுக்க டெருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என்று பொட்டுகளை ஒட்டினேன். அரிசி டப்பா நீலம், வெங்காயக் கூடை சிவப்பு, உப்பு ஜாடி பச்சை. பாட்டில் அடியில் ஒட்டிய சில பொட்டுகள் இன்னும் போகவில்லை. சாம்பாருக்கு என்ன நிறம் என்று வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. வெண்ணெய் டீ புட்டர் என்று படித்துவிட்டு வந்தால், இந்தப் பக்கத்து ஷ்வேபிஷ் பாட்டிகள் டெர் புட்டர் என்பார்கள். அப்போது பாட்டியோடு வாதாடாதே.

ஜெர்மன் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கிறேன். சரிதானா? (மதுரை வாசகர்)

நானும் அப்படித்தான் செய்தேன், இந்தப் பத்தியிலும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஆனால் நீங்கள் செய்யாதீர்கள். தோட்டத்துக்கு ஒரு சொல், டிக்கெட்டுகளுக்கு ஒரு சொல். இரண்டையும் நான் தமிழில் எழுதினால் ‘கார்ட்டன்’தான். தோட்டத்துக்கு கார்டனில் வருகிற க, டிக்கெட்டுக்கு காகத்தில் வருகிற க.

இங்கே வில்ஹெல்மா என்று விலங்குகளும் செடிகளும் சேர்ந்த ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அதன் கவுன்டரில் போய் “இரண்டு டிக்கெட்” என்றேன். காகத்தின் ‘க’வைத்தான் போட்டேன், சத்தியமாக. அந்த அம்மா காதில் “இரண்டு தோட்டம்” என்று விழுந்தது. காரணம் பின்னாடிதான் புரிந்தது. ஜெர்மன்காரர் க, ட, ப சொல்லும்போது கூடவே ஒரு ஊதல் வரும். நம் ‘க’வில் காற்று இல்லை, அதனால் அவர்கள் காதுக்கு அது கார்டன் ‘க’ போலக் கேட்கிறது. இந்திக்காரர்களுக்கு அந்த ஊதல் எழுத்திலேயே உண்டு, நமக்கு இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்கு முன்னால் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள். காகிதம் ஆடினால் டிக்கெட், ஆடாவிட்டால் தோட்டம்.

யூ (u) எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வைக்கிறார்களே, அதற்கும் ஒரு வழி: வாய்க்குள் ஈ சொல்லுங்கள், உதட்டை மட்டும் ஊ சொல்வதுபோலக் குவியுங்கள். கண்ணாடி முன் செய்யுங்கள், வீட்டில் யாரும் இல்லாதபோது.

எண்கள் சொல்லும்போது குழம்புகிறது. 34 என்பதை நாலும் முப்பதும் என்கிறார்கள். கணக்கு டீச்சரான உங்களுக்கு எளிதாக இருந்திருக்குமே? (திருச்சி வாசகர்)

கணக்கு டீச்சருக்குத்தான் பெரிய அடி. கடையில் பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு பெண்மணி தன் நம்பரை இரண்டிரண்டாகச் சொன்னார். ஆறும் எழுபதும் என்றார், நான் 67 என்று எழுதினேன். சனிக்கிழமை கேக் தயார், அந்த நம்பருக்குப் போட்டால் யாரோ ஒரு தாத்தா எடுத்துக் கத்துகிறார். கேக்குக்கு உரியவர் கடைக்கே வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியானது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறம் ஒரு மாதம் போன் என் பக்கம் வரவில்லை.

வழி இதுதான்: நோட்டில் இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் காதில் விழுவதை வலது கட்டத்தில் எழுதுங்கள், அடுத்ததை இடது கட்டத்தில். மனசுக்குள் திருப்பிப் போட முயன்றால் அதற்குள் அவர்கள் அடுத்த எண்ணுக்குப் போயிருப்பார்கள்.

மணி சொல்வது இன்னும் மோசம். ‘ஹால்ப் நொயன்’ என்றால் ஹால்ப் அரை, நொயன் ஒன்பது. ஒன்பதரை என்று நினைத்து டாக்டரிடம் போனேன். அது எட்டரை. அப்பாயின்ட்மென்ட் போயே போய்விட்டது. நாம் எட்டு முடிந்து அரை என்கிறோம், அவர்கள் ஒன்பதாவது மணி நேரத்தில் பாதி கடந்தது என்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் இதை இன்னும் இழுத்து, எட்டே காலுக்குக் ‘கால் ஒன்பது’, எட்டே முக்காலுக்கு ‘முக்கால் ஒன்பது’ என்பார்கள். ஒன்பதாவது மணியை ஒரு தோசையாக நினைத்துக்கொண்டேன். கால் தோசை, அரைத் தோசை, முக்கால் தோசை. அதற்கப்புறம் தப்பு வரவில்லை.

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஜெர்மனி வேலைக்கு பி2 (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழித் தேர்ச்சி நிலைகளில் நான்காவது) கேட்கிறார்கள். ஆறே மாதத்தில் பி2 முடித்துவிடலாம் என்று நான் சேர்ந்த பயிற்சி மையம் சொல்கிறது. நம்பலாமா? (நாகர்கோவில் வாசகி)

கணக்குப் போடுவோம். ஜெர்மன் அரசு 2005இலிருந்து குடியேறியவர்களுக்கு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில், அடிப்படையிலிருந்து பி1 வரைக்குமே 600 பாடவேளை, ஒன்று 45 நிமிடம். வாரத்துக்கு 25 என்று வைத்தாலும் 24 வாரம், அதாவது ஐந்தரை மாதம். அது பி1. அதற்கு மேல்தான் பி2. இதற்கும் ஜெர்மனியிலேயே இருந்துகொண்டு, வெளியே போனாலும் ஜெர்மனே காதில் விழுகிற நிலையில் படிப்பவர்கள் அவர்கள். டியூட்டி முடித்து ராத்திரி வந்து படிக்கிற உனக்கு ஒன்றரை வருஷம் என்று மனசைத் தயார் செய்துகொள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதே.

வார்டு பேச்சை இப்போதே சேர்த்துக்கொள், பாடப்புத்தகத்தில் அது குறைவு. காலையில் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று ‘ஷ்டூல்காங்’ ஆனதா என்பது. ஷ்டூல் என்றால் நாற்காலி, காங் என்றால் நடை. நாற்காலி நடையா என்று திகைக்காதே, மோஷன் போனீர்களா என்று அர்த்தம். நாமும் வெளிக்குப் போனீங்களா என்றுதானே சுற்றி வளைத்துக் கேட்கிறோம். ‘வாஸர் லாஸன்’, தண்ணீர் விடுதல், சிறுநீர் கழிப்பது. பெரியவர்களுக்கு எப்போதும் ‘ஸீ’, அதாவது நீங்கள். படுத்துக்கிடக்கிற பாட்டியைப் பார்த்ததும் பாசத்தில் நீ என்று சொல்ல வரும். நம் ஊரில் பாட்டி என்று கூப்பிட்டுவிட்டால் நீங்களா நீயா என்பது தானாகச் சரியாகிவிடும், இங்கே உறவுமுறைச் சொல் கிடையாது, ஃப்ராவ் (திருமதி) சேர்த்துக் குடும்பப் பெயர்தான். நீ என்று சொல்லலாம் என்பதைப் பெரியவர்தான் முதலில் சொல்லவேண்டும்.

நான் பேர்ணில் இருக்கிறன். ஹோக்டொய்ச் (பொது ஜெர்மன்) வகுப்புக்குப் போறன். ஆனால் பிள்ளையள் கதைக்கிற சுவிஸ் பாஷை ஒண்டும் விளங்குதில்லை. எதைப் படிக்கிறது? (சுவிஸ் வாசகி)

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்று பிறந்ததிலிருந்து வாழ்ந்து பழகியவர்கள் நாம். நீங்கள் ‘விளங்குதில்லை’ என்று எழுதுகிறீர்கள், பத்திரிகை ‘விளங்கவில்லை’ என்று அச்சடிக்கும், யாருக்கும் குழப்பம் இல்லை. சுவிஸிலும் அதேதான். எழுத்துக்கும் வகுப்பறைக்கும் ஹோக்டொய்ச், வீட்டுக்கும் தெருவுக்கும் சுவிஸ். வாய்க்கு ஹோக்டொய்ச் படியுங்கள், காதைச் சுவிஸுக்குத் திறந்து வையுங்கள். குடியுரிமைக்குக் கூட்டாட்சிச் சட்டம் கேட்பது பேச்சில் பி1, எழுத்தில் ஏ2, அதற்கு ஹோக்டொய்ச் போதும்.

பிள்ளைகள் சமையலறையை ‘ஹுஹி’ என்கிறார்கள் அல்லவா? ஹோக்டொய்ச்சில் க்யூஹ. நீங்கள் யாழ்ப்பாணத்தில் சொன்னது குசினி. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். மூன்றுக்கும் மூலம் சமையலறைக்கான ஒரே லத்தீன் சொல். அடுத்த முறை மகன் உங்கள் சுவிஸ் உச்சரிப்பைக் கேலி செய்தால், குசினி எங்களிடம் முன்னாடியே இருந்தது என்று சொல்லுங்கள்.

பி1 தேர்வில் எழுத்துப் பகுதியில் மட்டும் தோற்றுவிட்டேன். எல்லாவற்றையும் மறுபடி எழுதவேண்டுமா? (புதுச்சேரி வாசகர்)

கோத்தே இன்ஸ்டிட்யூட் நடத்தும் தேர்வு என்றால் வேண்டாம். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60. தோற்றதை மட்டும் மறுபடி எழுதலாம். நானும் எழுத்தில்தான் 57 வாங்கித் தோற்றேன். ஒரு மணி நேரத்தில் மூன்று கடிதம். நண்பருக்கு ஒன்று, கருத்து ஒன்று, கடைசியில் ஒரு முறையான சின்ன மெயில். அந்த மெயிலில் வகுப்பு ஆசிரியரைத் தோழி போல ‘லீப’ என்று அழைத்து, நடுவில் நீ என்றும் போட்டிருந்தேன். பிள்ளைகளின் லீவ் லெட்டரில் சிவப்பு மையால் திருத்திய நான்! இரண்டாம் தடவை மூன்று வகைக்கும் தொடக்க வரியையும் முடிக்கும் வரியையும் வாய்ப்பாடு போல உருப்போட்டுக்கொண்டு போனேன்.

வீட்டில் கணவரோடு ஜெர்மனிலேயே பேசிப் பழகலாமா? (ஃபிராங்க்பர்ட் வாசகி)

நாங்கள் பேசிப் பார்த்தோம். ஒரு வாரம் என்று ஒப்பந்தம். முதல் மூன்று நாள் உப்பு எங்கே, சாவி எங்கே, மழை வருமா என்று நன்றாகப் போனது. வீட்டில் இவ்வளவு அமைதி இருந்ததே இல்லை, ஏனென்றால் இரண்டு பேருக்கும் அதற்கு மேல் சொல் தெரியாது. நான்காம் நாள் கரண்ட் பில் வந்தது. ஹீட்டரை யார் ராத்திரி முழுக்க ஓடவிட்டது என்று நான் கேட்க ஆரம்பித்த வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போகவேண்டும், அது போய்ச் சேர்வதற்குள் அவர் தமிழுக்குத் தாவிவிட்டார்.

அதனால் ஒப்பந்தத்தைக் கடைக்குப் போகும் நேரத்துக்கு மட்டும் சுருக்கிக்கொண்டோம். வீட்டு வாசலிலிருந்து சூப்பர்மார்க்கெட் வரை ஜெர்மன், பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது தமிழ். இன்னும் அப்படித்தான் போய்வருகிறோம்.